சிக்னல் எட்டாத இடத்தில் இருக்கும் கைப்பேசியை இன்னொரு கைப்பேசி எப்படிக் கண்டுபிடித்துத் தருகிறது?

மலைப்பாதை ஒன்றில் நடந்து சென்ற ஒருவர் கால் தவறிப் பள்ளத்தாக்கின் உட்சரிவில் விழுந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய கைப்பேசி உடையவில்லை. பேட்டரியில் பாதிக்கு மேல் சார்ஜ் இருக்கிறது. ஆனால் திரையின் மேல் மூலையில் "சேவை இல்லை" என்று காட்டுகிறது. அவருக்கு மேலே, 200 மீட்டர் தொலைவில், அதே பாதையில் வந்துகொண்டிருக்கும் இன்னொருவரின் கைப்பேசியிலோ சிக்னல் தடையின்றிக் கிடைக்கிறது. கீழே கிடக்கும் கைப்பேசிக்கும் செல்பேசிக் கோபுரத்துக்கும் நடுவே மலையின் முதுகு நிற்கிறது. ஆனால் இரண்டு கைப்பேசிகளுக்கும் நடுவே வெறும் காற்றுதான் இருக்கிறது.

இந்த இரண்டும் ஒன்றோடொன்று நேரடியாகப் பேசிக்கொள்ள முடிந்தால், மேலே இருப்பது கீழே இருப்பதன் செய்தியை வாங்கிக் கோபுரத்திடம் சேர்த்துவிடலாம். அவ்வாறு இடையில் நின்று கைமாற்றிவிடும் கருவிக்கு ரிலே கருவி என்று பெயர். செய்தியைக் கைமாற்றுவது எப்படி என்பது எவருக்கும் எளிதில் விளங்கிவிடும். விளக்கம் தேவைப்படுவது அடுத்த கேள்விக்குத்தான்: எந்தக் கோபுரத்துக்கும் குரல் எட்டாத ஒரு கருவி எங்கே இருக்கிறது என்பதை, நடுவில் நிற்கும் இன்னொரு கருவியைக் கொண்டு எவ்வாறு கணிப்பது? அதற்கு ரிலே கருவி தூது போனால் மட்டும் போதாது, அளவுகோலாகவும் வேலை செய்ய வேண்டும்.

இடத்தை அறிவது வேறு, அறிவிப்பது வேறு

சிக்னல் இல்லையென்றால் ஜிபிஎஸ்ஸும் வேலை செய்யாது என்று பலரும் நினைக்கிறார்கள். அது சரியன்று. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து இடைவிடாமல் ஒலிபரப்பிக்கொண்டே இருக்கின்றன; கைப்பேசி அவற்றைக் கேட்க மட்டுமே செய்கிறது; குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் அலை கிடைத்தால் தன் இடத்தைத் தானே கணக்கிட்டுக்கொள்கிறது. இதில் செல்பேசிக் கோபுரத்துக்குக் கட்டாயமான பங்கு எதுவும் இல்லை. கோபுரத்தின் உதவி கிடைத்தால் வேலை விரைவாக முடியும், அவ்வளவுதான். ஒவ்வொரு செயற்கைக்கோளும் தன் பாதை விவரத்தை வினாடிக்கு 50 பிட் என்ற மிக மெதுவான வேகத்தில், 30 வினாடிக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப அனுப்புகிறது. வலையமைப்பில் இருக்கும் கைப்பேசி அதே விவரத்தை இணையம் வழியாக நொடியில் வாங்கிவிடும். வலையமைப்புக்கு வெளியே இருப்பதோ பொறுமையாகக் காத்திருந்து வானத்திலிருந்தே முழுவதையும் கேட்டுத் தீர வேண்டும்.

ஆகவே பள்ளத்தாக்கில் கிடக்கும் கைப்பேசிக்கு இரண்டு நிலைகள் சாத்தியம். வானம் போதிய அளவு திறந்திருந்தால், தான் எங்கே இருக்கிறோம் என்பது அதற்குத் தெரியும். யாரிடமும் சொல்ல வழியில்லை என்பது மட்டுமே குறை. இப்போது ரிலே கருவியின் வேலை எளிது: அட்சரேகை, தீர்க்கரேகை, நேரம் அடங்கிய சில பைட்டுகளை வாங்கி மேலே அனுப்பிவிட்டால் போதும். சுரங்கப்பாதைக்குள்ளோ, இடிந்த கட்டடத்தின் அடியிலோ, செங்குத்தான பாறைகளுக்கு நடுவிலோ சிக்கியிருந்தால், கைப்பேசிக்கே தன் இடம் தெரியாது. அப்போது இடத்தைக் கண்டறியும் பொறுப்பு முழுவதும் ரிலே கருவிகளின் மேல் விழுகிறது. இந்த இரண்டாவது நிலைதான் கடினமானது. ஆகவே அதைப் பற்றியே இங்கு அதிகம் பேசப் போகிறோம்.

அதற்கு முன், "சேவை இல்லை" என்பதன் பொருளையும் சற்றுப் பார்த்துவிடுவது நல்லது. செல்பேசிக் கோபுரம் பல வாட் திறனில் ஒலிபரப்புகிறது. சாதாரண 4ஜி கைப்பேசியின் உச்சத் திறனோ 200 மில்லிவாட், அதாவது ஒரு வாட்டில் ஐந்தில் ஒரு பங்கு. உரத்த குரலில் பேசுபவரும் மெல்லிய குரலில் பேசுபவரும் தொலைவில் நின்று உரையாடுவதைப் போன்றது இது. எல்லைப்புறத்தில் இருக்கும் கைப்பேசிக்குக் கோபுரத்தின் குரல் மங்கலாகக் கேட்கலாம். கைப்பேசியின் குரல் கோபுரத்துக்குக் கேட்காமல் போகும். இணைப்பு அறுந்த கைப்பேசியும் ஊமையாகிவிடுவதில்லை. அதன் குரல் சில நூறு மீட்டருக்கு எட்டும். அந்த வட்டத்துக்குள் கேட்கத் தயாராக யாராவது இருக்க வேண்டும்.

வழக்கமாகக் கோபுரங்கள் எப்படிக் கண்டுபிடிக்கின்றன

வலையமைப்புக்குள் இருக்கும் கைப்பேசியைக் கண்டறிய மிக எளிய வழி, அது எந்தக் கோபுரத்தோடு பேசிக்கொண்டிருக்கிறது என்று பார்ப்பது. நகரத்தில் இது சில நூறு மீட்டர் வரை இடத்தைச் சுருக்கித் தரும். ஊருக்கு வெளியே பல கிலோமீட்டர் வரை விரியும். அடுத்த படி, அலை போய்வர ஆகும் நேரம். 4ஜி கைப்பேசிகள் தம் அலை கோபுரத்தைச் சரியான நேரத்தில் சென்றடையும்படி சற்று முன்கூட்டியே அனுப்ப வேண்டியிருக்கிறது. எவ்வளவு முன்கூட்டி என்பதைக் கோபுரம் சொல்லும் அளவின் ஒவ்வொரு படியும் சுமார் 78 மீட்டர் தூரத்துக்குச் சமம். ஒரே கோபுரத்திலிருந்து தூரம் தெரிந்தால் ஒரு வளையம் கிடைக்கும். மூன்று கோபுரங்களிலிருந்து தெரிந்தால் வளையங்கள் வெட்டிக்கொள்ளும் புள்ளி கிடைக்கும்.

ரிலே கருவிகளைக் கொண்டு செய்வதும் இதே கணக்குதான். கோபுரங்கள் நின்ற இடத்தில் இப்போது கைப்பேசிகள் நிற்கின்றன. ஆனால் கோபுரம் எங்கே நிற்கிறது என்பது நிலஅளவை செய்து குறிக்கப்பட்ட செய்தி. ரிலே கருவி எங்கே நிற்கிறது என்பது அதுவே அந்த நேரத்தில் கணித்துச் சொல்லும் செய்தி. இந்த ஒரு வேறுபாட்டிலிருந்துதான் பின்னால் வரும் சிக்கல்கள் பலவும் பிறக்கின்றன.

கருவிகள் நேரடியாகப் பேசிக்கொள்ளும் வழி

செல்பேசித் தொழில்நுட்பத்துக்கு உலகளாவிய தரநிலைகளை வகுக்கும் 3ஜிபிபி அமைப்பு, கோபுரத்தின் துணையில்லாமல் இரண்டு கருவிகள் நேரடியாகப் பேசும் முறையை 2015இல் நிறைவுற்ற தனது 12ஆம் வெளியீட்டில் முதன்முதலாகச் சேர்த்தது. தீயணைப்பு வீரர்கள், மீட்புப் படையினர், காவலர்கள் ஆகியோர் கோபுரங்கள் செயலிழந்த இடத்திலும் பேசிக்கொள்ள வேண்டும் என்பதே அதற்குக் காரணம். இந்த நேரடித் தொடர்புக்குச் சைடுலிங்க் என்று பெயர். கைப்பேசிக்கும் கோபுரத்துக்கும் இடையிலான தொடர்பை மேலும் கீழுமாக ஓடும் கோடாக வரைவது வழக்கம். கருவிக்கும் கருவிக்கும் இடையிலான தொடர்பைப் பக்கவாட்டில் வரைவார்கள். பெயர் அதிலிருந்து வந்தது. வலையமைப்புக்கு வெளியே இருக்கும் கருவிக்கு உள்ளே இருக்கும் கருவி ரிலேயாக நிற்கும் முறை 4ஜியில் 13ஆம் வெளியீட்டிலும், 5ஜியில் 2022இல் முடிந்த 17ஆம் வெளியீட்டிலும் இடம்பெற்றது. சைடுலிங்க் அலைகளைக் கொண்டே தூரத்தையும் திசையையும் அளந்து இடம் கணிக்கும் முறை 2024இல் முடிந்த 18ஆம் வெளியீட்டில் வந்தது.

ரிலேயைத் தேடிப் பிடிப்பதற்கு இரண்டு முறைகள் உள்ளன. முதலாவதில், ரிலேயாக இருக்க முன்வரும் கருவி "நான் இங்கே இருக்கிறேன்" என்று அவ்வப்போது அறிவித்துக்கொண்டிருக்கும். தேவைப்படுபவர் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். இரண்டாவதில், சிக்கலில் இருக்கும் கருவி "அங்கே யாராவது இருக்கிறீர்களா?" என்று கூப்பிடும், பதில் தருபவர் ரிலே ஆகலாம். பேட்டரியை மிச்சம் பிடிக்க வேண்டியவர் யார் என்பதைப் பொறுத்து இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

ரிலே கிடைத்தவுடனே, எந்த அளவீடும் செய்யாமலேயே, ஒரு முதல் விடை கிடைத்துவிடுகிறது. ரிலே கருவி எங்கே இருக்கிறதோ, தேடப்படும் கருவியும் அதன் அருகில்தான் இருக்கிறது. சைடுலிங்க் அலை 300 மீட்டர் வரைதான் எட்டும் என்றால், ரிலேயைச் சுற்றி 300 மீட்டர் வட்டத்துக்குள் தேட வேண்டும். இதைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். எந்த மலை என்றே தெரியாமல் தேடத் தொடங்குபவர்களுக்கு, 300 மீட்டர் வட்டம் என்பது பல நாள் தேடலைச் சில மணி நேரமாகக் குறைக்கும் செய்தி. ஆனால் ரிலேயின் இடத்தையே தேடப்படுபவரின் இடமாக வரைபடத்தில் ஒற்றைப் புள்ளியாகக் காட்டுவது பெரும் பிழை. மீட்பவர்கள் நேராக அந்தப் புள்ளிக்குப் போவார்கள்; அங்கே நின்றுகொண்டிருப்பது உதவ வந்த நல்ல மனிதராகத்தான் இருக்கும்.

தூரத்தை அளப்பது

வட்டத்தைச் சுருக்க வேண்டுமானால் தூரத்தை அளக்க வேண்டும். எளிதில் தோன்றும் வழி, அலை எவ்வளவு வலுவாகக் கேட்கிறது என்று பார்ப்பது. திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பானால் வந்துசேரும் திறன் நான்கில் ஒரு பங்காகும், அதாவது 6 டெசிபெல் குறையும். கணக்கு அழகாக இருக்கிறது, நடைமுறை அப்படியில்லை. கைப்பேசி ஒருவரின் உடலுக்கு அடியில் சிக்கியிருந்து, அதனாலேயே 12 டெசிபெல் குறைந்துவிட்டால், உண்மையில் 50 மீட்டரில் இருப்பதை இந்தக் கணக்கு 200 மீட்டர் என்று சொல்லும். அருகில் நெருங்குகிறோமா, விலகுகிறோமா என்று அறிவதற்கு மட்டும் அலைவலு பயன்படும். தூரத்தை மீட்டரில் சொல்ல அதை நம்பக் கூடாது.

நம்பத்தக்க வழி நேரத்தை அளப்பது. மின்னல் தெரிந்த பிறகு இடி கேட்க எத்தனை வினாடி ஆகிறது என்று எண்ணி, மூன்று வினாடிக்கு ஒரு கிலோமீட்டர் என்று கணக்கிடுகிறோம் அல்லவா, அதே முறைதான். ஆனால் ரேடியோ அலை ஒளியின் வேகத்தில், வினாடிக்கு 29,97,92,458 மீட்டர், ஓடுகிறது. ஒரு நானோ வினாடியில், அதாவது வினாடியின் நூறு கோடியில் ஒரு பங்கில், அது 30 சென்டிமீட்டர் கடந்துவிடும். இரண்டு கைப்பேசிகளின் கடிகாரங்களும் இந்த அளவுக்கு ஒத்துப்போகும் என்று எதிர்பார்க்க முடியாது. எனவே ஒரே கடிகாரத்தைக் கொண்டு, அலை போய்த் திரும்பும் நேரத்தை அளக்கிறார்கள்.

எண்களோடு பார்ப்போம். ரிலே கருவி ஒரு துடிப்பை அனுப்பித் தன் கடிகாரத்தை ஓடவிடுகிறது. கீழே இருக்கும் கருவி அதைக் கேட்டு, சரியாக 10,00,000 நானோ வினாடி (ஒரு மில்லிவினாடி) காத்திருந்துவிட்டுப் பதில் துடிப்பை அனுப்புகிறது. ரிலேயின் கடிகாரத்தில் பதில் வந்து சேர்ந்த நேரம் 10,01,000. காத்திருந்த நேரத்தைக் கழித்தால் மீதி 1,000 நானோ வினாடி, அது போகவும் வரவும் ஆன நேரம், பாதி 500, அதை 30 சென்டிமீட்டரால் பெருக்கினால் 150 மீட்டர். இரண்டு கடிகாரங்களும் ஒரே நேரத்தைக் காட்ட வேண்டிய அவசியம் இந்தக் கணக்கில் எங்கும் வரவில்லை.

கடிகாரங்கள் ஒரே வேகத்தில் ஓட வேண்டும் என்ற தேவை மட்டும் மறைந்து நிற்கிறது. கீழே இருக்கும் கருவியின் கடிகாரம் பத்து லட்சத்தில் 20 பங்கு விரைவாக ஓடுகிறது என்று கொள்வோம். மலிவான படிகக் கடிகாரங்களில் இது சாதாரணம். அது 10,00,000 என்று எண்ணி முடிக்கும்போது உண்மையில் 9,99,980 நானோ வினாடிதான் ஆகியிருக்கும். பதில் 20 நானோ வினாடி முன்னதாகவே வந்துவிடுகிறது, ரிலே கழித்துப் பார்த்தால் 1,000க்குப் பதிலாக 980, பாதி 490, விடை 147 மீட்டர். கண்ணுக்கே தெரியாத ஒரு கடிகாரக் குறை 3 மீட்டரைத் தின்றுவிட்டது. இதைச் சரிசெய்ய, அடுத்த சுற்றில் கீழே இருக்கும் கருவியும் தன் பங்குக்குத் துடிப்பை அனுப்பி, ரிலேயின் பதிலைக் கொண்டு தானும் அளக்கும்; இரண்டு அளவுகளையும் சேர்த்துக் கணக்கிடும்போது கடிகார வேகத்தின் குறை பெரும்பாலும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். காத்திருக்கும் நேரத்தைக் குறைப்பதும் உதவும்.

எவ்வளவு நுட்பமாக அளக்கலாம் என்பதை அலைவரிசையின் அகலம் தீர்மானிக்கிறது. அகலம் கூடக் கூடத் துடிப்பின் விளிம்பு கூர்மையாகும். நேர்வழியில் வந்த அலையையும் பாறையில் பட்டுத் திரும்பிய அலையையும் பிரித்தறிய முடியும். 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் கிட்டத்தட்ட 15 மீட்டர் வித்தியாசம் இருந்தால்தான் இரண்டையும் பிரிக்க முடியும். 100 மெகாஹெர்ட்ஸில் 3 மீட்டர். 500 மெகாஹெர்ட்ஸில் 60 சென்டிமீட்டர். ஐபோன்களில் 2019 முதல் வரும் அல்ட்ரா வைட்பேண்ட் சில்லு அந்த 500 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் வேலை செய்வதால்தான் "இடப்பக்கம், 4 மீட்டர்" என்று அம்புக்குறியோடு காட்ட முடிகிறது. அதன் அலை சில பத்து மீட்டருக்கு மேல் எட்டாது என்பது அதற்குக் கொடுக்கும் விலை.

பாறையில் பட்டுத் திரும்பும் அலையைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். நேர்ப்பாதை அடைபட்டு, சுற்றி வந்த அலை மட்டுமே கேட்டால், அளக்கப்படும் தூரம் உண்மையைவிட எப்போதும் அதிகமாகவே இருக்கும். குறைவாக இருக்க வழியில்லை, ஏனெனில் நேர்க்கோட்டைவிடக் குறுகிய பாதை கிடையாது. ஆகையால் நேர்ப்பாதை உறுதியில்லாத இடத்தில் 212 மீட்டர் என்று அளவு வந்தால், "212 மீட்டரில் இருக்கிறார்" என்று படிக்காமல் "212 மீட்டருக்குள் எங்கோ இருக்கிறார்" என்று படிக்க வேண்டும்.

மூன்று பேர் வரிசையாக நின்றால்

ஒரு ரிலேயிலிருந்து தூரம் தெரிந்தால் ஒரு வளையம். இரண்டு ரிலேகள் என்றால் இரண்டு வளையங்கள் வெட்டும் இரண்டு புள்ளிகள். மூன்றாவது ரிலே வந்தால் அவற்றில் ஒன்று விலகி, ஒரே புள்ளி எஞ்சும் என்று பாடநூல் சொல்லும். மலைப்பாதையில் இது பொய்க்கும் விதம் கவனிக்கத் தக்கது. மீட்பவர்கள் மூவரும் பாதை வழியாகவே நடக்கிறார்கள். பாதை நேராக இருக்கிறது. எனவே மூவரும் ஒரே கோட்டில் நிற்கிறார்கள். கோட்டுக்கு இடப்பக்கம் 150 மீட்டரில் இருக்கும் ஒரு புள்ளிக்கும், கண்ணாடியில் தெரிவதுபோல வலப்பக்கம் அதே 150 மீட்டரில் இருக்கும் புள்ளிக்கும், மூவரிடமிருந்தும் தூரங்கள் சமம். மூன்று அளவுகளும் துல்லியமாக இருந்தாலும், விழுந்தவர் இடச்சரிவில் இருக்கிறாரா, வலச்சரிவில் இருக்கிறாரா என்று சொல்ல முடியாது. நான்காவது ஆள் வந்து அதே வரிசையில் நின்றாலும் பயனில்லை. மூவரில் ஒருவர் பாதையை விட்டு 50 மீட்டர் ஒதுங்கி நின்று மறுபடி அளந்தால் போதும், தவறான புள்ளி உடனே விழுந்துவிடும். கருவியின் தரத்தைவிட ரிலேகள் நிற்கும் வடிவம் முக்கியம் என்பதை இந்தத் துறையில் பழகியவர்கள் அடிக்கடி சொல்வது இதனால்தான்.

மூன்று பேர் இல்லையென்றாலும் வழி உண்டு. தேடப்படும் கருவி அசையாமல் இருக்கும் பட்சத்தில், ஒரே ரிலே மூன்று இடங்களுக்கு நகர்ந்து நின்று அளப்பது மூன்று ரிலேகள் அளப்பதற்குச் சமம். டிரோன் ஒன்றில் ரிலேயை ஏற்றி வளைந்து பறக்கவிடுவது இதற்கு மிகப் பொருத்தமானது. நேர்க்கோட்டில் பறக்கவிட்டால் மேலே சொன்ன இடவலக் குழப்பம் அதற்கும் வரும்.

நகரும் ரிலேயைக் கொண்டு இடம் காண்பது புதிதன்று. விபத்தில் சிக்கிய விமானம், கப்பல் ஆகியவற்றின் அவசர ஒலிபரப்பிகளைக் கேட்கும் காஸ்பாஸ்-சார்சாட் செயற்கைக்கோள் அமைப்பு, கனடா, பிரான்ஸ், அமெரிக்கா, சோவியத் ஒன்றியம் ஆகிய நான்கு நாடுகளின் கூட்டு முயற்சியாகத் தொடங்கி, 1982 செப்டம்பரில் கனடாவில் விழுந்த சிறு விமானம் ஒன்றில் இருந்தவர்களைக் கண்டறிந்தது. தாழ்வான சுற்றுப்பாதையில் ஓடும் செயற்கைக்கோள் நெருங்கும்போது ஒலிபரப்பியின் அதிர்வெண் கூடியும், விலகும்போது குறைந்தும் கேட்கும். இந்த டாப்ளர் மாற்றத்திலிருந்து இடத்தைக் கணித்தார்கள். அங்கும் செயற்கைக்கோளின் தடத்துக்கு இடப்பக்கம் ஒன்றும் வலப்பக்கம் ஒன்றுமாக இரண்டு விடைகள் வந்தன. மலைப்பாதையில் வரிசையாக நின்ற மூவருக்கு வந்த அதே குழப்பம், பல நூறு கிலோமீட்டர் உயரத்தில்.

ரிலேயின் பிழை யாருக்குப் போய்ச் சேருகிறது

ரிலேயின் ஜிபிஎஸ் 10 மீட்டர் பிழையோடு தன் இடத்தைச் சொல்கிறது. அது அளந்த தூரத்தில் 3 மீட்டர் பிழை இருக்கிறது. ஒன்றோடொன்று தொடர்பில்லாத பிழைகளை வர்க்கித்துக் கூட்டி வர்க்கமூலம் காண்பது வழக்கம். இங்கே விடை ஏறத்தாழ 10.4 மீட்டர். தூரத்தை இன்னும் நுட்பமாக, 30 சென்டிமீட்டர் வரை அளந்தாலும் மொத்தப் பிழை 10 மீட்டருக்குக் கீழே இறங்காது. தன் இடமே தெளிவாகத் தெரியாதவர் அடுத்தவர் இடத்தை அதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

ரிலேக்கு அப்பால் இன்னொரு ரிலே, அதற்கு அப்பால் தேடப்படும் கருவி என்று சங்கிலி நீளும்போது, ஒவ்வொரு கண்ணியிலும் பிழை சேர்ந்துகொண்டே போகும். சுரங்கப்பாதையில் வரிசையாகக் கருவிகளை வைத்துக்கொண்டே உள்ளே போகும் குழுவினருக்கு இது நேரடியாகப் பொருந்தும்.

இதிலேயே ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. மீட்பவருக்குப் பெரும்பாலும் தேவைப்படுவது உலக வரைபடத்தில் புள்ளி அன்று. "நான் நிற்கும் இடத்திலிருந்து எந்தப் பக்கம், எவ்வளவு தூரம்" என்பதுதான். ரிலேயைக் கையில் வைத்திருப்பவரே தேடிப் போகிறார் என்றால், ஜிபிஎஸ் பிழை அந்தக் கணக்கில் சேர்வதே இல்லை. தூரம் அளந்த 3 மீட்டர் பிழை மட்டுமே மிச்சம். ஆகவே தொலைவில் இருக்கும் கட்டுப்பாட்டு அறைக்கு அட்சரேகையும் தீர்க்கரேகையும், களத்தில் நிற்பவருக்குத் திசையும் தூரமும் என்று இரண்டு விதமாகவும் விடை தருவது நல்ல வடிவமைப்பு.

இன்றே பலர் கையில் இருக்கும் வடிவம்

சைடுலிங்க் வழியாக இடம் காணும் முறை தரநிலையில் எழுதப்பட்டுவிட்டாலும், கடையில் வாங்கும் சாதாரணக் கைப்பேசிகளில் பரவலாக இல்லை. அதற்குள் புளூடூத் வழியாக வேறொரு ரிலே வலை உலகெங்கும் பரவிவிட்டது. ஆப்பிள் 2019இலும், கூகுள் 2024இலும் தொடங்கிய தொலைந்த கருவி தேடும் வலைகள் அவை. இணைய இணைப்பில்லாத கைப்பேசியோ, சாவிக்கொத்தில் மாட்டிய சிறு வில்லையோ புளூடூத்தில் ஓர் அடையாளத்தை ஒலிபரப்பிக்கொண்டே இருக்கும். அந்த வழியே போகும் முகம் தெரியாத ஒருவரின் கைப்பேசி அதைக் கேட்டு, தான் அப்போது நிற்கும் இடத்தையும் நேரத்தையும் குறித்து சர்வருக்கு அனுப்பும். அந்த மனிதருக்குத் தம் கைப்பேசி ரிலேயாக வேலை செய்ததே தெரியாது.

அந்தரங்கம் காப்பதற்கு இதில் செய்யப்பட்டிருக்கும் ஏற்பாடு மெச்சத்தக்கது. ஒலிபரப்பப்படும் அடையாளம் குறிப்பிட்ட இடைவெளியில் மாறிக்கொண்டே இருப்பதால், அதைப் பின்தொடர்ந்து ஒருவரின் நடமாட்டத்தை வரைவது கடினம். கேட்ட கைப்பேசி தன் இடத்தை, ஒலிபரப்பிலிருந்தே கிடைத்த பொதுத் திறவுகோலைக் கொண்டு பூட்டி அனுப்புகிறது; அதைத் திறக்கும் இரகசியத் திறவுகோல் உரிமையாளரிடம் மட்டுமே இருக்கிறது; நடுவில் வைத்திருக்கும் நிறுவனத்தால் படிக்க இயலாது. இதே வலையைக் கொண்டு ஒருவரின் பையில் வில்லையை ஒளித்துவைத்து அவரைப் பின்தொடரும் கொடுமையும் நடந்தது. அதைத் தடுக்க, அறிமுகமில்லாத வில்லை தம்மோடு நகர்ந்துவருவதை எச்சரிக்கும் வசதியை இரு நிறுவனங்களும் 2024 மே மாதத்தில் தத்தம் கைப்பேசிகளில் ஒரே தரநிலையில் கொண்டுவந்தன. இன்னொருவரின் இடத்தைக் காணும் எந்த வழிமுறையிலும் இந்தக் கேள்வி முதல் நாளிலேயே கேட்கப்பட வேண்டியது, ஆயிரம் பேர் பாதிக்கப்பட்ட பிறகன்று.

அந்தரங்கத்துக்கும் மீட்புக்கும் நடுவே இழுபறி உண்டு என்பதற்குக் கூகுள் வலையே சான்று. அதன் இயல்பான அமைப்பில், பல கைப்பேசிகள் ஒரே வில்லையைக் கேட்டு, அவற்றின் தகவல் ஒன்றுசேர்ந்த பிறகே இடம் காட்டப்படும். தனித்து நின்ற ஒருவரின் இடம் வெளிப்படாமல் இருக்க இந்த ஏற்பாடு. ஆள் நடமாட்டம் மிகுந்த இடத்தில் இதனால் இழப்பில்லை. ஆனால் மலைப்பாதையில் அந்த வழியே வருவது ஒரே ஒருவராகத்தான் இருக்கும். பயனர் விரும்பினால் அமைப்பை மாற்றி, ஒருவரின் தகவலையும் பகிரச் செய்யலாம்.

கட்டுப்பாட்டு அறைக்கு வந்து சேரும் ஒரு வரி

எல்லாம் கூடிவந்தால், மீட்புக் குழுவின் திரையில் ஏறத்தாழ இப்படி ஒரு பதிவு தோன்றும்: ரிலேயின் அட்சரேகையும் தீர்க்கரேகையும்; அதன் பிழை எல்லை 8 மீட்டர்; தேடப்படும் கருவிக்குத் தூரம் 212 மீட்டர், நேர்ப்பாதை உறுதியில்லை; அளந்த நேரம் 16:42. இதைப் படிக்கத் தெரிந்தவர், நேர்ப்பாதை உறுதியில்லாததால் வளையம் என்று கொள்ளாமல், ரிலேயைச் சுற்றி 220 மீட்டர் ஆரமுள்ள முழு வட்டத்தைத் தேடும் பரப்பாக வரைவார்.

பிறகு கடிகாரத்தைப் பார்ப்பார். இப்போது 17:22 என்றால் பதிவுக்கு 40 நிமிடம் வயதாகிவிட்டது. விழுந்தவர் எழுந்து மணிக்கு 3 கிலோமீட்டர் வேகத்தில் நடக்கத் தொடங்கியிருந்தால், இதற்குள் 2 கிலோமீட்டர் போயிருக்கலாம். வட்டத்தின் ஆரத்தோடு அந்த 2 கிலோமீட்டரையும் சேர்க்க வேண்டும். தேடும் பரப்பு நூறு மடங்காகிவிடும். ரிலே வழியாகச் செய்தி வருவதில் தாமதம் இயல்பு என்பதால், நேரக்குறிப்பு இல்லாத இடக்குறிப்பை வைத்துக்கொண்டு எந்த வட்டத்தையும் வரைய இயலாது. கைப்பேசியில் இருக்கும் அசைவறியும் உணரி "இந்தக் கருவி கடைசியாக அசைந்தது 16:05இல்" என்ற குறிப்பையும் அதே செய்தியில் சேர்த்து அனுப்பியிருந்தால், அளக்கும் நேரத்தில் அவர் முப்பத்தேழு நிமிடமாக அசையாமல் கிடந்தார் என்பது தெரியும். அவர் எழுந்து நடந்திருக்க வாய்ப்பு குறைவு என்பதால், தேடல் அந்த 220 மீட்டர் வட்டத்திலிருந்தே தொடங்கும்.